பழைய ஸ்டூடியோ உருவப்படங்கள்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

1840களுக்கும் 1900க்கும் இடையில் ஸ்டூடியோக்களில் எடுத்த உருவப்படங்கள் கைக்கு வரும்போது ஏதாவதொரு கோளாறோடுதான் வருகின்றன. கண்ணாடிக்குள் பனி படிந்திருக்கும், முகத்தின் மேல் வெளுத்த திட்டு விழுந்திருக்கும், அட்டை வளைந்து மூலை ஒடிந்திருக்கும். இவற்றில் பல கோளாறுகள் படத்தில் பிறந்தவை அல்ல. படத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடியும் ஒட்டுத்தாளும் பின்னட்டையும் ஆல்பமும் கெட்டு, அந்தக் கேடு படத்துக்கு வருகிறது. இது தெரியாமல் நேரே படத்தின் மேல் கை வைக்கும்போதுதான் திரும்பப் பெற முடியாத சேதம் நடக்கிறது. எந்த அறிகுறியானாலும் முதலில் உறையைச் சந்தேகியுங்கள், பிறகு படத்தை.

மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறு டார்ச், சின்னக் காந்தம், ரப்பர் ஊதுகுமிழ், மெல்லிய மயிர்த் தூரிகை, நைட்ரைல் கையுறை, ஈரப்பதமானி, பளபளப்பில்லாத கறுப்புத் தாள் ஒன்று. துணிக் கையுறை வேண்டாம், உரிந்து நிற்கும் செதில்களில் நூல் மாட்டும். டப்பாவில் அடைத்து விற்கும் காற்றும் வேண்டாம், உள்ளிருக்கும் வாயு திரவமாகத் தெறித்துவிடும். வெள்ளி பாலிஷ், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம், ஒட்டு டேப் நான்கையும் அறையை விட்டே வெளியேற்றிவிடுங்கள்.

## முதல் கேள்வி: கையில் இருப்பது எது?

ஒரே மாதிரிக் கறைக்கு உலோகத் தகட்டில் ஒரு காரணம் இருக்கும், காகிதத்தில் வேறொரு காரணம் இருக்கும். இதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சின்னப் பெட்டிக்குள், கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சாய்த்தால் உங்கள் முகமே தெரிகிறது, ஒரு கோணத்தில் நெகட்டிவ் போல மாறுகிறது. டாகெரோடைப். வெள்ளி பூசிய செப்புத் தகடு. 1839இல் பாரிசில் அறிவித்த முறை, 1850களின் இறுதி வரை ஸ்டூடியோக்களில் ஓடியது.

எந்தக் கோணத்திலும் மாறவில்லை, காந்தம் இழுக்கிறது. டின்டைப். கறுப்பு அரக்கு பூசிய மெல்லிய இரும்புத் தகடு. பெட்டியில் இருந்தால் மேல் கண்ணாடியின் நடுவில் காந்தத்தைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். கொக்கி, கீல் பக்கம் காட்டினால் தவறான விடை கிடைக்கும்.

மாறவில்லை, காந்தமும் இழுக்கவில்லை. ஆம்ப்ரோடைப். கண்ணாடித் தகட்டில் எடுத்த மெலிந்த நெகட்டிவ், பின்னால் இருக்கும் கறுப்பால் பாசிட்டிவாகத் தெரிகிறது.

அட்டையில் ஒட்டிய காகிதப் படம். லென்ஸில் பாருங்கள். காகித இழை தெரிந்து, மேலே லேசான பளபளப்பும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால் முட்டை வெண்கரு பூசிய அல்புமென் பிரின்ட். சுமார் 64 × 100 மி.மீ. அட்டையில் வரும் கார்ட் டி விசிட்டும், 108 × 165 மி.மீ. அட்டையில் வரும் கேபினெட் கார்டும் பெரும்பாலும் இந்த வகை. இழையே தெரியாமல் வழவழவென்று இருந்தால் ஜெலட்டின் அல்லது கொலோடியன் (பிம்பத்தைத் தாங்கும் பிசின் போன்ற படலம்) பூசிய தாள், 1880களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. இழை தெளிவாகத் தெரிந்து பளபளப்பு சிறிதும் இல்லையென்றால் உப்புத்தாள் அல்லது பிளாட்டினம் பிரின்ட்.

## பழுது போலத் தெரிந்தாலும் பழுது அல்லாதவை

இவற்றைச் "சரிசெய்ய" முயன்று கெடுத்த படங்கள் ஏராளம்.

சட்டைப் பொத்தான் எதிர்ப் பக்கம் இருக்கிறது, மோதிரம் வேறு கையில் இருக்கிறது: தகட்டுப் படங்கள் பெரும்பாலும் இடவலம் மாறித்தான் வரும். தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று பிரிக்காதீர்கள்.

நின்றிருப்பவரின் காலுக்குப் பின்னால் இரும்புப் பாதம் ஒன்று எட்டிப் பார்க்கிறது: தலை அசையாமல் பிடிக்க ஸ்டூடியோவில் வைத்த தாங்கியின் அடி அது. கறையோ கீறலோ அல்ல.

நீலக் கண் வெளிறிக் கிடக்கிறது, முகத்துப் புள்ளிகள் கறுத்து நிற்கின்றன: அன்றைய ரசாயனப் பூச்சுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகப் பதியும், சிவப்பும் மஞ்சளும் இருண்டுவிடும். நிறம் மங்கியதால் வந்தது அல்ல.

கன்னத்தில் இளஞ்சிவப்பு, நகையில் பொன்: கையால் இட்ட வண்ணம். நகை மேலுள்ள பொன் சற்று மேடாகத் தெரியும். தூரிகை பட்டால் போய்விடும்.

அட்டையின் அடி மூலைகள் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கின்றன: ஆல்பத்தின் செருகு வாயில் எளிதாக நுழைய வெட்டியது. பின்புறம் வரித் தலை (வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டும், அஞ்சல் தலை போன்ற சீட்டு) ஒட்டியிருந்தால் அதையும் உரிக்காதீர்கள். அமெரிக்காவில் 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை ஒளிப்படங்களுக்கு வரித் தலை கட்டாயம் என்பதால், படத்தின் காலத்தை அவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் தடயம் வேறு கிடைக்காது.

## அறிகுறி: கண்ணாடிக்குள் பனி, மங்கல், சிறு துளிகள்

பெட்டிப் படங்களில் அடிக்கடி வருவது இதுதான், அடிக்கடி தவறாகக் கணிப்பதும் இதுதான். டார்ச்சைக் கிடைமட்டமாக, கண்ணாடியை ஒட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகப் பாருங்கள்.

மங்கல் வெளிப்பக்கத்தில். விரல் எண்ணெயும் புகையும்தான். சற்றே நனைத்துப் பிழிந்த மென்துணியால் நடுவில் மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஓரத்தை நெருங்காதீர்கள். கண்ணாடிக்கும் பித்தளைச் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியே ஈரம் நேரே தகட்டுக்குப் போகும். கண்ணாடியில் தெளிக்கவே கூடாது.

உள்ளே, உலர்ந்த பொடி. பழைய ஒட்டுத்தாள் கிழிந்து தூசி நுழைந்திருக்கிறது. படத்துக்கு உடனடி ஆபத்து இல்லை.

உள்ளே, மிக நுண்ணிய துளிகள். அல்லது பால் போன்ற படலம், சீனி தூவினாற்போன்ற மணிகள். கண்ணாடி தானே சிதைகிறது. அன்றைய மலிவுக் கண்ணாடியில் காரப்பொருள் அதிகம். காற்றின் ஈரம் பட்டால் அது உள்முகத்தில் கசிந்து துளியாக நிற்கும். துளி எட்டித் தகட்டைத் தொட்டால், டாகெரோடைப்பில் அந்த இடத்தில் நடுவில் கறுத்துச் சுற்றிலும் வெளுத்த புள்ளி விழும். அந்தப் புள்ளி போகாது.

உள்ளே, கிளைவிட்ட நூல் போன்ற கோலம். பூஞ்சை.

டாகெரோடைப்பைப் பிரிக்கலாமா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கண்ணாடி, பித்தளைச் சட்டம், தகடு மூன்றும் சேர்ந்த கட்டு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வந்தால் போதும், கட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. சிறு ரப்பர் உறிஞ்சு குமிழை மேல் கண்ணாடியின் நடுவில் ஒட்டி நேராக மேலே தூக்குங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் இதைச் செய்யவே வேண்டாம். கட்டைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். நான்கு பக்கமும் பழுப்புத் தாள் நாடா முழுதாக ஒட்டியிருந்தால் அது ஸ்டூடியோவே இட்ட முத்திரையாக இருக்கலாம், அப்படியே திரும்ப வையுங்கள். நாடா கிழிந்து தொங்கினாலோ, பின்னாளில் யாரோ பளபளப்பான டேப் ஒட்டியிருந்தாலோ காற்று உள்ளே போய்வருகிறது என்று பொருள்.

நீங்கள் செய்யக்கூடியது: ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டி நிலையாக உள்ள இடத்தில் கட்டைப் படுக்கையாக வையுங்கள். துளி பெருகும் வேகம் குறையும்.

எங்கே நிறுத்த வேண்டும்: துளி, படலம், பூஞ்சை என்று உறுதியானால் ஒளிப்படப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். அவர் கட்டைப் பிரித்து, பழைய கண்ணாடிக்குப் பதிலாக, அப்படி எளிதில் சிதையாத போரோசிலிகேட் கண்ணாடியை அதே அளவில் வெட்டி, ஓரத்தை மழுக்கி, புதிதாக முத்திரையிடுவார். அளவைப் பட்டியலில் பார்த்துத் தரச் சொல்லாதீர்கள். முழுத் தகட்டின் ஆறில் ஒரு பங்கு என்று பெயர் பெற்ற பிளேட் 2¾ × 3¼ அங்குலம் என்று ஏட்டில் இருக்கும், கையில் இருப்பது ஒன்றிரண்டு மி.மீ. மாறியிருக்கும். பழைய கண்ணாடியையும் நாடாவின் துண்டுகளையும் திரும்பக் கேட்டு வாங்கி உறையிலிட்டு வையுங்கள். நாடாவாகச் சில சமயம் பழைய செய்தித்தாள் துண்டை ஒட்டியிருப்பார்கள், அதில் தேதியும் ஊரும் கிடைக்கும்.

## அறிகுறி: டாகெரோடைப்பில் சட்ட ஓரமாக நீல, பழுப்பு வளையம்

முகம் தெளிவாக இருக்கும், பித்தளைச் சட்டத்தின் திறப்பை ஒட்டி மட்டும் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக வளையம் படரும். வெள்ளி கறுப்பது. காற்று சட்ட இடுக்கு வழியாக நுழைவதால் ஓரத்தில் தொடங்குகிறது.

வளையம் வளர்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே விளக்கு, ஒரே கோணத்தில் இன்று ஒரு படம் எடுங்கள், ஓராண்டு கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அழகைக் கெடுக்கிறது என்பது தகட்டைத் தொடுவதற்குப் போதிய காரணம் அல்ல. வளர்ந்திருந்தால் முத்திரை போய்விட்டது, மறுமுத்திரைக்கு வல்லுநரிடம் கொடுங்கள்.

வெள்ளிப் பாத்திரம் கழுவும் கரைசலில் தகட்டை முக்குவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளிக் கறுப்பைக் கரைக்கும் தையோயூரியா என்ற ரசாயனம் கலந்த கரைசலில் முக்குவது பெரிய நிறுவனங்களிலும் வழக்கமாக இருந்தது. முக்கிய அன்று பளிச்சென்று வந்த தகடுகளில் ஆண்டுகள் கழித்துப் பழுப்புப் புள்ளிகள் அம்மை போலப் பூத்தன. வளையம் இல்லாமல், தகடு முழுக்க அப்படிப் புள்ளி இருந்தால் யாரோ ஒருமுறை முக்கியிருக்கிறார்கள் என்று கணிக்கலாம்.

கீறல் போன்ற கோடுகளிலும் இதே கவனம் வேண்டும். பரப்பு முழுவதும் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய இணைகோடுகள் தகட்டை மெருகேற்றியபோது விழுந்தவை. முகத்தின் மேல் மட்டும் வில்லாக வளைந்து நிற்பவை, யாரோ கைக்குட்டையால் துடைத்த தடம். இரண்டாவது திரும்பாது. அந்தப் பிம்பத்தை ஒரு தூரிகைகூட இழுத்துப் போய்விடும் என்பதால் திறந்த டாகெரோடைப் தகட்டுக்கு ஊதுகுமிழ் மட்டும்தான், அதுவும் ஒரு சாண் தள்ளி நின்று.

பச்சைப் புள்ளி தெரிந்தால் அது சட்டத்தின் சரிவிலா தகட்டிலா என்று லென்ஸில் பாருங்கள். சட்டத்தில் என்றால் காத்திருக்கலாம். தகட்டில் என்றால் வெள்ளிக்கு அடியிலுள்ள செம்பு அரிக்கிறது, காத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி: ஆம்ப்ரோடைப்பில் வெளுத்த திட்டு, வெடிப்பு வலை, முகம் மறைந்தது

பார்த்தவுடன் "படம் போய்விட்டது" என்று தோன்றும். பல சமயம் போயிருக்காது. கறுப்புதான் போயிருக்கும்.

எளிய காரணத்திலிருந்து வரிசையாகப் போங்கள்.

பின்னால் வைத்த கறுப்புத் துணியோ தாளோ நகர்ந்துவிட்டது. திட்டின் ஓரம் நேர்கோடாக இருக்கும்.

கண்ணாடியின் வெறும் பக்கத்தில் பூசிய கறுப்பு வார்னிஷ் உலர்ந்து வெடித்திருக்கிறது. திட்டு ஒழுங்கற்ற செதில்களாக இருக்கும், வெடிப்புகள் காய்ந்த குளத்துச் சேறு போல வலைபின்னும்.

படப் பக்கத்தின் மேலேயே கறுப்பைப் பூசியிருக்கிறார்கள், அது உரியும்போது படத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. இதுதான் கெட்ட செய்தி.

தகடே விரிசல். கோடு ஒளியில் மின்னும், சாய்த்தால் இடம் மாறும்.

முதல் இரண்டையும் மூன்றாவதிலிருந்து பிரிக்கும் சோதனை மிக எளிது. கட்டைப் பெட்டியிலிருந்து மேலே சொன்னபடி தூக்கி, அதன் பின்னால் பளபளப்பில்லாத கறுப்புத் தாளை வெறுமனே பிடியுங்கள். ஒட்டவோ அழுத்தவோ வேண்டாம். திட்டு இருந்த இடத்தில் காதும் கூந்தலும் காலரும் திரும்பி வந்தால் படம் முழுதாக இருக்கிறது. திட்டு இருந்த இடம் வெறும் கறுப்பாகவே நின்றால் அங்கே பிம்பம் இல்லை. வெளுத்துப்போன ஒரு முகம் ஒரு தாளுக்கு முன்னால் மீண்டும் எழுந்து வருவதை முதன்முறை பார்ப்பவர் தாளை எடுத்து எடுத்து வைத்துப் பார்ப்பார். அவ்வளவு துல்லியமாகத் திரும்பி வரும்.

வந்துவிட்டால் சிகிச்சையும் அதுவேதான். அமிலமற்ற கறுப்புத் தாளைக் கட்டின் அளவுக்கு வெட்டிப் பின்னால் வைத்து, கட்டைப் பெட்டியில் திரும்ப இறக்குங்கள். பழைய வார்னிஷைச் சுரண்ட வேண்டாம், விட்ட இடத்தில் கறுப்புப் பெயின்ட் பூசவும் வேண்டாம். பெயின்டின் கரைப்பான் கொலோடியன் படலத்துக்கும் அதன்மேல் பூசிய சாண்டராக் (ஒரு மரப்பிசின்) வார்னிஷுக்கும் எமன். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு ஒருமுறை பட்டால் மூக்கும் வாயும் பஞ்சோடு வந்துவிடும்.

கட்டைச் சுற்றிய மெல்லிய பித்தளைத் தகட்டுச் சட்டத்தின் மடிப்புகளை நிமிர்த்தினால்தான் தாளை வைக்க முடியும் என்ற நிலை வந்தால் நின்றுவிடுங்கள். அந்தப் பித்தளை நொறுங்கும் தன்மையுடையது, இரண்டு மூன்று முறை மடக்கினாலே ஒடியும்.

பின்பக்கம் கறுப்புப் பூச்சே இல்லை, ஆனால் படம் நன்றாகத் தெரிகிறது என்றால் கண்ணாடியை ஒளியில் காட்டிப் பாருங்கள். அரக்குச் சிவப்பாகத் தெரிந்தால் அது நிறக்கண்ணாடியில் எடுத்த வகை, அதற்குப் பின்தாள் தேவையில்லை.

எங்கே நிறுத்த வேண்டும்: படப் பக்கச் செதில், தகட்டு விரிசல் இரண்டும் வல்லுநர் வேலை. விரிசலான தகட்டைப் பசையால் ஒட்டாமல், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து ஓரம் மூடித் தருவார்.

## அறிகுறி: டின்டைப்பில் பழுப்புப் புள்ளி, கொப்புளம், வளைவு

புள்ளி ஓரத்தில் மட்டும் இருக்கிறதா? வெட்டிய விளிம்பில் அரக்கு இல்லாததால் துரு அங்கே தொடங்கும். உலர்ந்த இடத்தில் வைத்தால் அப்படியே நிற்கும். நடுவில் கொப்புளம் எழுந்திருக்கிறதா? அரக்குக்கு அடியில் துரு ஊறுகிறது. தொட்டால் மூடி உதிரும். தகடு வளைந்திருக்கிறதா? வளைந்தபடியே விடுங்கள். நிமிர்த்தினால் அரக்கு வெடித்துப் படம் செதில் செதிலாகக் கொட்டும், இதற்கு விதிவிலக்கு கிடையாது.

துருநீக்கி, எண்ணெய், தண்ணீர் எதுவும் வேண்டாம். நான்கு மடிப்பு உறையில் இட்டு, தகட்டை விடச் சற்றுப் பெரிய தடித்த அட்டையை அடியில் வையுங்கள். ஈரப்பதம் 30க்கும் 40க்கும் இடையில் இருக்கட்டும். செதில் உதிரத் தொடங்கிவிட்டால் நிமிர்த்தி வைக்காதீர்கள், படம் மேலே பார்க்கப் படுக்கையாக வைத்து வல்லுநரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: அட்டைப் படம் மஞ்சளாகி மங்கிவிட்டது

வெள்ளைப் பகுதி மஞ்சளாவது ஒன்று, கறுப்புப் பகுதி வலுவிழப்பது இன்னொன்று. அல்புமெனில் இரண்டும் சேர்ந்தே வரும்.

வெளிச்சம். சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தையும் திறந்திருந்த நடுவையும் ஒப்பிடுங்கள். எல்லைக்கோடு தெரிந்தால் காரணம் இதுதான். சுவரிலிருந்து இறக்குங்கள். காட்சிக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), அதுவும் சில மாதம், மற்ற நாளில் பிரதியை மாட்டுங்கள்.

ஈரம். எல்லைக்கோடு இல்லாமல் மொத்தமாக மஞ்சளாகியிருக்கும். 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம், முடிந்தவரை குளிர்ந்த இடம்.

அட்டையும் பசையும். படத்தின் ஓரமோ, பசை தடவிய தூரிகையின் வரிகளோ மட்டும் மங்கியிருந்தால் குற்றவாளி அடியில் இருக்கிறது. அதற்காகப் படத்தை அட்டையிலிருந்து உரிக்க நினைக்காதீர்கள். அல்புமென் தாள் மிக மெல்லியது, அட்டையை நம்பியே நிற்கிறது. ஸ்டூடியோவின் பெயரும் அச்சும் அந்த அட்டையில்தான் இருக்கின்றன.

ஸ்டூடியோ சரியாகக் கழுவாமல் விட்ட ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய ரசாயனம். மங்கல் திட்டுத் திட்டாக, காரணமின்றி நடுவில் வரும். செய்வதற்கு ஒன்றுமில்லை.

மங்கிய வெள்ளியை ரசாயனத்தால் திரும்பக் கறுப்பாக்கும் பழைய குறிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அசலில் அதைச் செய்யாதீர்கள். பிரதியில் மீட்கலாம். 16 பிட் வண்ணத்தில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்று தளங்களையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். மஞ்சளாகிப்போன பிம்பத்தின் விவரம் நீலத் தளத்தில்தான் மிச்சம் இருக்கும், ஏனென்றால் மஞ்சள் நீல ஒளியைத்தான் விழுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிகையும் தாடி மயிரும் அந்தத் தளத்தில் கிடைக்கும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் இந்த வாய்ப்பே போய்விடும்.

கேபினெட் கார்டு மங்காமல் சாக்லெட் நிறத்தில் அழுத்தமாக நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அது வெள்ளிக்குப் பதிலாக நிறமியால் அச்சிட்ட கார்பன் பிரின்டாகவோ உட்பரிடைப்பாகவோ இருக்கலாம். அவற்றில் வெள்ளியே இல்லை, மங்குவதற்கு வழியும் இல்லை.

## அறிகுறி: படத்தின் மேல் புள்ளிகள்

லென்ஸில் பார்த்து வகை பிரியுங்கள்.

நுண்ணிய வெளுத்த புள்ளிகள், நடுவில் சில சமயம் மின்னும் துகள்: பொன்னிற எழுத்து அச்சிட்ட அட்டைகளிலிருந்து உதிர்ந்த வெண்கலப் பொடி. தன் அட்டையிலிருந்தும் வரலாம், ஆல்பத்தில் எதிரே இருந்த அட்டையிலிருந்தும் வரலாம். ஊதுகுமிழால் துகளை அகற்றி, படங்களுக்கு இடையில் தாள் வையுங்கள். விழுந்த புள்ளி போகாது.

மேடான கறுத்த பொட்டு: பூச்சியின் எச்சம். அட்டை ஓரத்தில் என்றால் உலர்ந்த தூரிகை போதும். படத்தின் மேல் என்றால் சுரண்டாதீர்கள்.

ஒழுங்கற்று மேய்ந்த தடம், பளபளப்பு போய் நாரெழுந்து தெரிகிறது: வெள்ளிமீன் பூச்சி. வெண்கருவும் ஜெலட்டினும் மாவுப் பசையும் அதற்கு உணவு. படத்தைவிட வைத்திருந்த அலமாரியைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பஞ்சு போல எழும்பி, தொட்டால் இழுகும் படர்வு: உயிருள்ள பூஞ்சை. முகமூடி அணிந்து, தனிப் பெட்டியில் பிரித்து, 50 விழுக்காட்டுக்குக் கீழே ஈரப்பதத்தில் உலர விடுங்கள். காய்ந்து பொடியான பின் அட்டையின் பின்புறத்தைத் தூரிகையால் துடைக்கலாம். முன்புறம் வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும்.

இருண்ட பகுதிகளின் ஓரத்தில் நீல உலோகப் பளபளப்பு: ஜெலட்டின் பிரின்டில் வெள்ளி மேலெழுந்து நிற்பது. ரப்பரால் தேய்த்தால் பளபளப்போடு பிம்பமும் போகும். ஒன்றும் செய்யாமல் உலர்வாக வையுங்கள்.

## அறிகுறி: அட்டை வளைந்தது, ஒடிந்தது

வெண்கருப் பூச்சு சுருங்கி இழுப்பதால் அட்டை உள்வளைந்து நிற்கும். காய்ந்த நிலையில் புத்தகத்துக்கு அடியில் வைத்து அமுக்கினால் படம் குறுக்காக வெடிக்கும். லேசான வளைவுக்கு அப்படியே ஆழமான பெட்டி செய்து வைப்பதே மேல்.

ஒடிந்த மூலையைத் தூக்கி எறியாதீர்கள், டேப்பும் போடாதீர்கள். அட்டையின் முகத்தில் நல்ல தாளும் நடுவில் மட்டமான மரக்கூழும் இருப்பதால் ஒடிவது இயல்பு. துண்டையும் அட்டையையும் ஒரே உறையில், அடியில் தடித்த அட்டையோடு வையுங்கள். வெடிப்பு முகத்தின் மேல் ஓடினால் வல்லுநரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: ஆல்பத்திலிருந்து படம் வரவில்லை

கார்ட் டி விசிட் ஆல்பங்களில் பக்கத்தின் அடியில் ஒரு செருகு வாய் இருக்கும். மேல் ஓரத்தை நகத்தால் பிடித்து இழுப்பதால்தான் பக்கத்தின் சாளரம் கிழிகிறது.

முதலில் எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். ஆல்பத்தின் வரிசையே ஒரு குடும்பத்தின் பதிவு. பின்புறத்தில் பென்சில் பெயரும் ஸ்டூடியோ முத்திரையும் இருக்கும் என்பது ஒன்றுதான் எடுக்க நல்ல காரணம். எடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகப் படமெடுத்து எண் இடுங்கள்.

0.1 மி.மீ. தடிமனுள்ள பாலியஸ்டர் தாளில் 20 மி.மீ. அகலப் பட்டைகள் இரண்டை வெட்டுங்கள், மூலைகளை வட்டமாக்குங்கள். ஒன்றை வாய் வழியாகப் படத்துக்கும் சாளரத் தாளுக்கும் நடுவில் நுழையுங்கள். இன்னொன்றை அட்டைக்குப் பின்னால் நுழையுங்கள். மெதுவாக இடவலமாக அசைத்து மேல் ஓரம் வரை கொண்டுபோங்கள். எங்காவது தடுத்தால் அங்கே பசையோ ஈரக்கறையோ பிடித்திருக்கிறது, அந்தப் படம் ஆல்பத்திலேயே இருக்கட்டும். தடுக்காமல் போனால், பக்கத்தைச் சற்றே வளைத்து வாயைத் திறந்து, இரண்டு பட்டைகளோடு சேர்த்து அட்டையைக் கீழே நகர்த்துங்கள். இடமூலை ஒரு மி.மீ., வலமூலை ஒரு மி.மீ. என்று மாற்றி மாற்றி இறங்க வேண்டும். அட்டையின் அடி விளிம்பு வெளியே தெரிந்ததும் அதைப் பிடிக்கலாம். திரும்ப வைக்கும்போதும் முன்பட்டை கட்டாயம், இல்லையென்றால் வாயின் விளிம்பு முகத்தைச் சுரண்டும்.

## அறிகுறி: படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது

ஒட்டிய இடம் ஈரம் போலக் கறுத்து, பளபளப்பாகத் தெரியும். இழுக்க வேண்டாம், ஊற வைக்க வேண்டாம், குளிர்பெட்டியில் வைக்கும் தந்திரமும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து அப்படியே வல்லுநரிடம் கொண்டுபோங்கள். கண்ணாடி உடைந்திருந்தாலும் இதேதான், துண்டுகளை அகற்றாமல் தட்டையாகக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: பெட்டியில் கீல் விட்டது, விரிசல்

தோல் முதுகு கிழிந்திருந்தால் இரண்டு பாதியையும் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வையுங்கள், போதும். புடைப்புச் சித்திரம் கொண்ட கனத்த கறுப்பு, பழுப்புப் பெட்டிகளைக் கட்டாபெர்ச்சா (மரப்பாலில் செய்யும் ரப்பர் போன்ற பொருள்) என்று விற்பார்கள். உண்மையில் அவை 1854இல் சாமுவேல் பெக் காப்புரிமை பெற்ற கலவை, அதில் இருப்பது அரக்கும் மரத்தூளும். ஸ்பிரிட்டில் துடைத்தால் சித்திரத்தின் கூர்மை கரைந்துவிடும். என்ன பொருள் என்று பார்க்கச் சுடு ஊசி குத்துவதும் வேண்டாம்.

## அறிகுறி: நனைந்துவிட்டது

இங்கே நேரம் முக்கியம், இரண்டு நாளில் பூஞ்சை வரும். ஆம்ப்ரோடைப், டின்டைப், டாகெரோடைப் ஆகியவற்றை முதலில் எடுங்கள். படம் மேலே பார்க்க உறிஞ்சு தாளில் படுக்கையாக வைத்து, அறைக் காற்றில் உலர விடுங்கள். இவற்றை உறைய வைக்கவே கூடாது. காகிதப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டும் முன் ஈரமாக இருக்கும்போதே பிரியுங்கள், படப் பரப்பைத் தொடாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். ஒரே நாளில் விரிக்க முடியாத அளவு இருந்தால், காகிதப் படங்களை மட்டும் சிறு சிறு பையில் இட்டு உறைய வைத்து, வல்லுநரைக் கேட்டு அடுத்த அடி வையுங்கள்.

## வல்லுநரிடம் கொடுக்கும்போது

முன், பின், ஓரம், கட்டைத் தூக்கியிருந்தால் அதன் முதுகு என்று எல்லாவற்றையும் படமெடுத்து, அளவை மி.மீ.யில் எழுதிக் கொடுங்கள். முன்பு யாராவது துடைத்தார்களா, ஒட்டினார்களா என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தேர்ந்தெடுக்கும் கரைப்பான் அதைப் பொறுத்தது. புதிய உறையும் அட்டையும் உறைப்பொருள் படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 18916 ஒளிப்பட வினைச் சோதனையில் தேறியவையா என்று கேளுங்கள், "அமிலமற்றது" என்ற சொல் மட்டும் போதாது. கண்ணாடித் தகடுகளையும் பெட்டிகளையும் அனுப்பும்போது பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நுரை, எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி. உதிர்ந்த செதில் எவ்வளவு சிறிதானாலும் மடித்த தாளில் சேர்த்து, எந்தப் படத்தினுடையது என்று பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள்.